வண்டிப் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள்: பழைய பிரிட்டிஷ் கார்களுக்குச் சின்னச் சாமான் பிடிக்கும் வழி

என் மோரிஸ் மைனரின் இடதுபக்கக் கைகாட்டி ஏழு மாதம் எழும்பவே இல்லை. இப்போதைய வண்டிகளில் மின்னும் இண்டிகேட்டருக்கு முந்தைய தலைமுறைச் சங்கதி அது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலுள்ள தூணுக்குள் ஒரு சின்னக் கை படுத்திருக்கும். சுவிட்சைத் திருப்பினால் ரயில்வே கைகாட்டி போல எழுந்து நின்று ஆரஞ்சு வெளிச்சம் காட்டும். அந்தக் கை திரும்புகிற அச்சு ஊசி, ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது, எங்கோ விழுந்துவிட்டது. அதே ஏழு மாதத்தில் என்ஜினைப் பிரித்து, போரிங் போட்டு, கோத்து, ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

பழைய பிரிட்டிஷ் கார் வாங்கும் பலர் என்ஜினை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். கிராங்க் அரைக்க, வால்வு சீட்டு வைக்க எங்கள் கோயம்புத்தூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. வண்டிகள் பாதியில் நின்று கொட்டகையில் தூங்குவது சின்னச் சாமான்களால்தான்: ஒரு ரப்பர் வளையம், ஒரு பித்தளை யூனியன், ஒரு பூட்டின் சாவி, ஒரு விளக்கு மூடி. அவற்றை எப்படித் தேடுவது என்று மூன்று வண்டிகளில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஒன்று, குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கொட்டகையில் நின்ற என் 1958 மோரிஸ் மைனர் 1000. இன்னொன்று, என் மச்சானின் சென்னைத் தயாரிப்பு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூன்றாவது, நண்பர் ஒருவரின் எம்.ஜி. டி.டி. என்ற ஸ்போர்ட்ஸ் கார்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மோரிஸ் கம்பெனி அந்தக் கைகாட்டியைச் செய்யவில்லை. செய்தது லூகாஸ். பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும் எஸ்.யூ. செய்தவை. பிரேக் லாக்ஹீட். மீட்டர்கள் ஸ்மித்ஸ். பூட்டும் கைப்பிடியும் பெரும்பாலும் வில்மட் பிரீடன். ஷாக் அப்சார்பர் ஆர்ம்ஸ்ட்ராங். பிரிட்டிஷ் கார்க் கம்பெனிகள் பாடியும் என்ஜினும் செய்து, மற்றதை எல்லாம் இப்படி நாலைந்து கம்பெனிகளிடம் வாங்கிப் பூட்டின. அந்தக் கம்பெனிகள் அதே சாமானையோ, அதன் ஒன்றுவிட்ட தம்பியையோ ஆஸ்டினுக்கும் டிராக்டருக்கும் லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் படகு என்ஜினுக்கும் கொடுத்தன. ஆகவே 'மோரிஸ் மைனர் சாமான்' என்று ஒன்று பல நேரம் கிடையாது. லூகாஸ் சாமான் இருக்கிறது, அது மோரிஸிலும் இருக்கிறது. அவ்வளவுதான்.

இதை எனக்குப் புரியவைத்தது நஞ்சப்பா ரோட்டில் ஒரு பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. "மோரிஸ் மைனருக்கு ஸ்டாப் லைட் சுவிட்ச் இருக்குங்களா?" என்று கேட்டேன். பெரியவர் தலையைக்கூடத் தூக்காமல் "அந்த வண்டிச் சாமான் எல்லாம் போய் முப்பது வருஷம் ஆச்சுங்க" என்றார். திரும்பப் போனவன், பையிலிருந்து செத்துப்போன சுவிட்சை எடுத்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஏனுங்க, இதை முதல்லயே காட்டறதுக்கென்ன? பிரேக் பைப்புல திருகுற லூகாஸ் சுவிட்சுங்க. பழைய அம்பாசிடருக்கு வித்தது கெடக்கும் பாருங்க" என்று பையனைப் பரண்மேல் ஏற்றினார். மூன்று வந்தன. ஒன்று மரைக்கு மரை அப்படியே உட்கார்ந்தது. அன்றிலிருந்து வண்டிப் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறேன்.

சாமானை வாசிப்பது

கழற்றிய சாமானை உடனே மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்க்காதீர்கள். மெதுவாகத் துணியால் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். லூகாஸ் சாமான்களில் மாடல் பெயர், ஐந்து அல்லது ஆறு இலக்க எண், அதோடு செய்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். என் டைனமோவில் 3 58 என்று இருந்தது: 1958 மார்ச். வண்டியோடு பிறந்த சாமானா, இடையில் மாற்றியதா என்று இதில் தெரிந்துவிடும். மாற்றியது என்றால் எச்சரிக்கை, ஏனென்றால் உங்கள் வண்டிக்குச் சரியில்லாத ஒன்றை முன்னவர் பூட்டியிருக்கலாம். அதைப் பார்த்து நீங்களும் தவறானதையே தேடுவீர்கள். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டர் முகப்பில் பொடி எழுத்தில் இருக்கும் எண், ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதைச் சொல்வது. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருக்கிறதென்று வேறு எண்ணுள்ள மீட்டரை வாங்கினால் வேகத்தைப் பொய்யாகக் காட்டும். பூட்டின் முகத்தில் எஃப்.ஏ., எஃப்.எஸ். போன்ற எழுத்தோடு எண் இருந்தால் சாவிக் கவலையே வேண்டாம். அந்த எண்ணைச் சொன்னால் பிரிட்டனில் சாவி வெட்டித் தர இன்றும் ஆள் உண்டு. என் டிக்கிப் பூட்டுக்கு அப்படித்தான் கிடைத்தது, பூட்டை உடைக்காமல்.

அப்புறம், கம்பெனி வெளியிட்ட பார்ட்ஸ் லிஸ்ட் ஒன்றை எப்படியாவது பிடியுங்கள். வொர்க்‌ஷாப் மேனுவல் வேறு, பார்ட்ஸ் லிஸ்ட் வேறு. பிரித்து வரைந்த படமும் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் பார்ட்ஸ் லிஸ்டில்தான் இருக்கும். அதிலிருக்கும் எண் பிறகு மாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 1970-களில், மோரிஸும் ஆஸ்டினும் பிரிட்டிஷ் லேலண்டு என்ற கம்பெனிக்குள் இருந்த காலத்தில், அடிக்கடி விற்கும் சாமான்களுக்கு 'ஜி' என்று தொடங்கும் புது எண்கள் வந்தன. ஜி.டபிள்யூ.சி. என்று தொடங்கினால் வீல் சிலிண்டர், ஜி.எம்.சி. என்றால் மாஸ்டர் சிலிண்டர். பழைய எண்ணில் தேடிக் கிடைக்காதது புது எண்ணில் கிடைக்கும். இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்ததை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். பாதி உடைந்த விளக்கு மூடிதான் நாளைக்கு உங்களுக்கு மாதிரி. என்னிடம் நாற்பது ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் எங்கிருந்து கழற்றியது என்று எழுதிய சீட்டோடு. வாஷர்கூடப் பத்திரமாக இருக்கிறது.

நூலும் மரையும்

நான் இருபத்தேழு வருடம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எங்கள் பக்கம் நூல் என்றால் பருத்தி நூல் மட்டுமல்ல, அளவும்தான். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். கால் அங்குல போல்ட் இரண்டு நூல், அரை அங்குலம் நான்கு நூல். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் உள்விட்டம் முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது ஏழு நூல். பழைய பிரிட்டிஷ் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான கணக்குக் கிடையாது. மில்லிமீட்டரில் யோசித்துப் பழகிய இளைஞர்கள் இதைப் பழகிக்கொள்ள வேண்டும். வயதான ஹார்டுவேர் கடைக்காரரிடமும் லேத் முதலாளியிடமும் 'இரண்டரை நூல் போல்ட்' என்று கேட்டுப் பாருங்கள், அவர் உங்களைப் பார்க்கும் விதமே மாறும்.

ஆனால் தடிமன் மட்டும் போதாது, மரை முக்கியம். அதே இரண்டரை நூல் போல்ட், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஐந்து, நான்கு விதமாக வரும். விட்வொர்த் மரை என்றால் அங்குலத்துக்கு 18. பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நுண்மரை) என்றால் 22. யூ.என்.எஃப். (பிறகு வந்த பொது நுண்மரை) என்றால் 24. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் கிட்டத்தட்ட அதே தடிமன்தான், மரையோ 1.25 மில்லிமீட்டர் இடைவெளி. நான்கையும் கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். இரண்டு மூன்று சுற்று விரலாலேயே ஏறவும் ஏறும். அதற்கப்புறம் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் எதிர்மரை போய்விடும். ஆரம்பத்தில் நானே ஒரு பி.எஸ்.எஃப். துளையில் யூ.என்.எஃப். போல்டை ஏற்றி, கிடைக்கவே கிடைக்காத ஒரு வார்ப்பு பிராக்கெட்டைக் கெடுத்தேன். இன்றைக்கும் அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று சில நூறு ரூபாய். அது இல்லாமல் எந்த போல்டையும் வாங்கப் போகாதீர்கள்.

மரையின் கோணமும் வேறு. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரைக்கு 55 பாகை. யூ.என்.எஃப்.க்கும் மெட்ரிக்குக்கும் 60. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 1948-இல் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் பிரிட்டிஷ் கார்கள் மெல்ல யூ.என்.எஃப்.க்கு மாறின. அதனால் 1950-களின் வண்டியில் இரண்டு குடும்பமும் கலந்து கிடக்கும். போல்ட் தலையில் வட்டமாகக் குழி இருந்தாலோ, மூன்று வட்டங்கள் கோத்த முத்திரை இருந்தாலோ அது யூ.என்.எஃப். குடும்பம். மைனரின் ஏ-சீரிஸ் என்ஜின் அந்த வகைதான்.

மின்சாரச் சாமான்களிலும் மீட்டர்களிலும் எஸ்.யூ. பம்பிலும் மூன்றாவது குடும்பம் ஒன்று ஒளிந்திருக்கிறது: பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரை. 47.5 பாகை. எண் கூடக்கூடத் திருகு சிறிதாகும். 2 பி.ஏ. திருகு 4.7 மில்லிமீட்டர். மெக்கானிக்குகள் அதில் 5 மில்லிமீட்டர் திருகை முறுக்கி ஏற்றிவிடுவார்கள். அதோடு அந்தத் துளை போச்சு. பி.ஏ. திருகு தேடிக் கார்க் கடைக்குப் போவது வீண். வால்வு ரேடியோ பழுதுபார்த்த பெரியவர்களிடம் போங்கள். டவுன்ஹால் பக்கம் ஒருவர் பிஸ்கட் டப்பா நிறையப் பித்தளை பி.ஏ. திருகுகளை என்னிடம் கொடுத்தபோது, காசு வாங்க மறுத்துவிட்டார். தூக்கிப்போட மனமில்லாமல் இத்தனை வருடம் வைத்திருந்தாராம்.

விட்வொர்த்துக்கு நான் போகும் இடம் வேறு. எங்கள் ஊர் மில்களில் லங்காஷயரிலிருந்து வந்த இயந்திரங்கள் ஓடின. அவற்றின் போல்டுகள் எல்லாம் விட்வொர்த். மில்கள் மூடியபோது ஸ்டோர் சரக்கு மூட்டை மூட்டையாகப் பழைய இரும்புக்கு வந்தது. உக்கடத்தில் பழைய இரும்புக் கடை பாயிடம் நான் சொல்லிவைத்திருப்பது ஒன்றே ஒன்று: "மில் ஸ்டோர் சரக்கு வந்தா உருக்க அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க பாய்." அவரும் போடுகிறார். கிலோ கணக்கில் வாங்கிய அந்த போல்டுகள், இப்போது செய்து வருகிறவற்றைவிட எஃகு நன்றாக இருக்கின்றன.

எம்.ஜி. வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டி.டி. மாடலில் இருக்கும் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ஜினில் போல்ட் தலைக்கு விட்வொர்த் ஸ்பேனர் பிடிக்கும், மரையோ மெட்ரிக். ஏன் இப்படி? மோரிஸ் 1923-இல் வாங்கிய கோவென்ட்ரி என்ஜின் தொழிற்சாலை, ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. மரை வெட்டும் கருவிகள் பிரெஞ்சு அளவில் இருந்தன. கருவிகளை மாற்றாமல், பிரிட்டிஷ் ஸ்பேனர் பிடிக்கும்படி தலையை மட்டும் மாற்றினார்கள். அந்தப் பழக்கம் முப்பது வருடம் ஓடியது. அதுவும் கடையில் கிடைக்கும் மெட்ரிக் இல்லை. 8 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் இடைவெளி. நண்பரின் என்ஜினுக்கு ஆவாரம்பாளையத்தில் லேத்தில்தான் செய்தோம். லேத் தம்பி, "ஏனுங்ணா, தலை இன்ச்சு, உடம்பு மில்லியா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் இரும்பைப் பிடித்தார். அப்படிக் கேட்கிற ஆளிடம்தான் வேலை கொடுக்க வேண்டும்.

எங்கே போவது

வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நாற்பது ஐம்பது வருடமாக ஒரே குடும்பம் நடத்தும் கடைகளின் பரண்தான் முதல் புதையல். அங்கே அம்பாசிடர் என்ற பெயரில் தேடுங்கள். அம்பாசிடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-தான்; 1958-லிருந்து 2014 வரை இங்கேயே செய்தார்கள். மைனருக்கு அண்ணன் முறை. பாடி தகடு எதுவும் சேராது. ஆனால் சுவிட்ச், கிரீஸ் நிப்பிள், ஃபியூஸ் பெட்டி, விளக்கு ஹோல்டர், கேபிள் முனை போன்றவற்றில் நிறையச் சேரும். சென்னையில் பாடி என்ற இடத்தில் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இலும், கெர்லிங் என்ற பிரிட்டிஷ் பிரேக் கம்பெனியின் கூட்டோடு பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் தொடங்கின. அந்தக் காலத்து மஞ்சள் அட்டைப்பெட்டிச் சரக்கு இன்னும் அங்கங்கே தூங்குகிறது. டிராக்டர் சாமான் கடைகளையும் விடாதீர்கள். என் வண்டியின் இக்னிஷன் சுவிட்சுக்குள் இருக்கும் தொடுதகடு ஒரு டிராக்டர் சுவிட்சிலிருந்து எடுத்தது.

சென்னைக்குப் போனால் புதுச்சரக்குக்கு ஜி.பி. ரோடு, கழற்றிய சரக்குக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்குப் போனில் கேட்டுப் பயனில்லை. காலையில் போய், சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, கடை கடையாக நடக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த நடை கட்டாயம் பலன் தரும். வண்டியே சென்னையில் பிறந்தது அல்லவா.

கடல் தாண்டினால் அடுத்தது இலங்கை. அங்கே மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் காட்சிப் பொருளாக இல்லை, அண்மைக் காலம்வரை வேலை செய்த வண்டிகள். யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40 வாடகைக்கு ஓடியதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். கொழும்பில் பஞ்சிகாவத்தை முழுவதும் சாமான் கடைகள். மைனருக்கான சில தகடுகளை இலங்கையிலேயே செய்து பிரிட்டனுக்கே அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. கொழும்பு போகிற உறவினர் யாராவது இருந்தால் சாமானின் படம், அளவு, எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

பிரிட்டனிலிருந்து நேராக வரவழைப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். விலை காரணம் இல்லை, சாமான் பல நேரம் மலிவுதான். கூரியர், சுங்க வரி, கையாளும் கட்டணம் மூன்றும் சேர்ந்து, முந்நூறு ரூபாய் ரப்பருக்கு இரண்டாயிரம் வாங்கிவிடுகின்றன. அதனால் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு முறை பட்டியல் போடுகிறோம். சவுத்ஹாம்ப்டனில் இருக்கும் என் அக்கா மகள், செப்டம்பரில் பியூலி என்ற ஊரில் நடக்கும் பழைய கார்ச் சாமான் சந்தைக்கு எனக்காகப் போய்வருகிறாள். ஹாம்ப்ஷயரில் தேசிய மோட்டார் மியூசியத்து மைதானத்தில் 1967-லிருந்து நடக்கிற சந்தை. முதல் வருடம் "மாமா, இங்க ஒரு கிலோமீட்டருக்குத் துருப்பிடிச்ச இரும்பா இருக்கு, நான் எதைப் பார்க்கறது?" என்று வீடியோவில் கூப்பிட்டாள். இப்போது அவளுக்கே லூகாஸ் எண் படிக்கத் தெரியும். எம்.ஜி., மோரிஸ், ஆஸ்டின் வைத்திருப்பவர்கள் கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால், தயாரித்த தேதி, நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்றெல்லாம் சான்றிதழாகத் தருவார்கள். வண்டி சரியாக எந்த மாதத்தது என்று தெரிந்தால் எந்த வகைச் சாமான் என்ற குழப்பம் பாதி தீரும்.

செய்துகொள்ளலாம், ஆனால் எல்லாவற்றையும் இல்லை

கிடைக்கவே கிடைக்காததை நம் ஊரில் செய்யலாம். இது நமக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை; பிரிட்டனில் இருப்பவர்களுக்கே இந்த வசதி இல்லை. பித்தளை யூனியன், புஷ், குமிழ், ஸ்பேசர் எல்லாம் லேத்தில் அரை நாள் வேலை. என் வண்டியின் நம்பர் பிளேட் விளக்கு மூடி துத்தநாகக் கலவையில் வார்த்தது. பொரிப்பொரியாகப் பூத்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அந்த உலோகத்துக்கு மறுபடி குரோம் பூசுவது பணத்துக்குத் தண்டம். அதைத் திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையத்தில், பரம்பரையாகப் பித்தளைப் பாத்திர வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தெரியாதது: "இதையே மாதிரியா வெச்சு வார்த்தா, பித்தளை ஆறும்போது சுருங்கி உங்களுக்குச் சேராதுங்க." நூறு மில்லிமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குமாம். வீட்டுக்கு வந்து, பழைய மூடியின்மேல் பட்டி தடவி, தேய்த்து, அந்த அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். மண் அச்சில் மூன்று வார்த்தார். ஒன்று ஊசித்துளை விழுந்து போனது. மற்ற இரண்டும் நல்ல கனமாக, முனை மழுங்காமல் வந்தன. செம்பு, நிக்கல், குரோம் என்று முறையாக முலாம் போட்டபின் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

செய்யக்கூடாதவை உண்டு. ஸ்டீயரிங் இணைப்புகள், முன்சக்கரம் திரும்பும் டிரனியன், பிரேக் சாமான் எதையும் லேத்தில் போட்டுச் செய்யாதீர்கள். மைனரில் டிரனியன் மரை தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்து உள்ளே போய்விடும். ஹெரால்டில் அதே பெயருள்ள சாமானுக்கு கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். நம் மெக்கானிக்குகள் அங்கே கிரீஸ் நிப்பிளைப் பூட்டி அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது; உள்ளே துருப்பிடித்து ஒருநாள் முறியும். மச்சானின் வண்டியில் நான்தான் கழற்றிப் பார்த்தேன், பாதி அரித்திருந்தது. இந்தச் சாமான்களுக்கு மட்டும் விலை பார்க்காமல், பெயர் பெற்ற இடத்தில் புதிதாக வாங்குங்கள்.

ரப்பர்

ரப்பரில் நான் பட்டது போல யாரும் படக்கூடாது. வீல் சிலிண்டர்களுக்கான கப் வாஷர்கள் உள்ளூரில் ஒரு கடையில் கிடைத்தன. அளவு கச்சிதம். மாட்டி, பிரேக் ஆயில் விட்டு, ஓட்டினேன். மூன்றாவது வாரம், மேட்டுப்பாளையம் ரோட்டில் காரமடை தாண்டும்போது வண்டி இழுக்க முடியாமல் திணறியது. இறங்கித் தொட்டால் நான்கு சக்கரமும் கொதிக்கிறது. பிரித்துப் பார்த்தால் கப் ஊறிப்போய், உதடு வழுவழுவென்று வீங்கி, பிஸ்டனைத் திரும்பவிடாமல் பிடித்திருந்தது. அது நைட்ரைல் ரப்பர். பெட்ரோலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் அருமையானது, சாதாரண பிரேக் ஆயிலில் வீங்கிவிடும். பிரேக்குக்கு ஈ.பி.டி.எம். போன்ற ரப்பர் வேண்டும். அதையே கொண்டுபோய் பெட்ரோல் பக்கம் மாட்டினால் அங்கே அது வீங்கும். கறுப்பாக இருப்பதெல்லாம் ஒரே ரப்பர் இல்லை.

இப்போது எந்த ரப்பர் வந்தாலும் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்துவிடுகிறேன். வெர்னியரில் விட்டத்தை அளந்து எழுதி, எந்தத் திரவத்தில் வேலை செய்யப்போகிறதோ அதே திரவத்தில் மூடிபோட்ட கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் ஊறவைத்து, மறுபடி அளக்கிறேன். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் சரி. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வீங்கினால் மொத்தப் பையும் குப்பைக்கு. இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வருகிறது. 1958-இல் செய்த எந்த ரப்பரும் கார்க்கும் இதற்காகச் செய்ததில்லை. பெட்ரோல் குழாய், பம்ப் கேஸ்கட், கார்புரேட்டர் சீல் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை தேவை.

அதனால்தான் பழைய பெட்டியில் பிரிக்காமல் கிடைக்கும் ரப்பரைப் பார்த்து மயங்காதீர்கள் என்கிறேன். அட்டையில் லாக்ஹீட் முத்திரை பளிச்சென்று இருக்கும். உள்ளே ஐம்பது வருடம் காய்ந்த ரப்பர், மடித்தால் வெடிக்கும். கண்டன்ஸரும் அப்படித்தான், வயதிலேயே செத்துவிடும். மாறாக, உலோகச் சாமான், பேக்கலைட், கண்ணாடி என்றால் பழைய சரக்கு எவ்வளவு விலை சொன்னாலும் வாங்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டாரில் புதிதாகச் செய்து வருபவை பல, சில நூறு கிலோமீட்டரில் மின்சாரத்தை நடுத்தண்டுக்குக் கசியவிட்டு வண்டியை நிறுத்துகின்றன. பழைய லூகாஸ் ரோட்டார் ஒன்று கிடைத்தால் இரண்டாக வாங்கிவையுங்கள்.

எஸ்.யூ. பெட்ரோல் பம்பைப் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டயாஃப்ரத்தை, அதாவது உள்ளே அசையும் சவ்வை, வெளியே இழுத்ததும் அதன் இரும்புத் தண்டைச் சுற்றியிருக்கும் பித்தளை உருளைகள் தரையில் உருண்டோடும். மொத்தம் பதினொன்று. ஒரு தட்டில் துணி விரித்து, அதன்மேல் வைத்துப் பிரியுங்கள், எண்ணிப் பாருங்கள். முன்னவர் ஒன்றைத் தொலைத்துவிட்டுப் பத்தோடு மூடியிருந்தால், தண்டு ஒருபக்கம் சாய்ந்து பம்ப் விட்டுவிட்டு அடிக்கும். என்னுடையதில் ஒன்பதுதான் இருந்தன. மீதி இரண்டையும் அளந்து லேத்தில் செய்தேன்.

இனி அந்தக் கைகாட்டி. அது லூகாஸ் எஸ்.எஃப்.80. ஏழு மாதம் அந்த ஊசியை வண்டிப் பெயரில் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் துளையை அளந்தேன். கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் எஃகு ஊசிக் கம்பிகள் அடுக்கிய ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, மூன்றாவது கம்பியை உள்ளே தள்ளிப் பார்த்தார். இறுக்கமும் இல்லை, ஆட்டமும் இல்லை. வெட்டி, இரு முனையையும் லேசாகத் தட்டி அகட்டினார். இருபது ரூபாய். பல்புக்குப் போகும் ஒயர் கை எழும்போதெல்லாம் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்திருந்தது. அதற்கு, பொம்மை விமானங்களில் போடும் மெல்லிய சிலிக்கான் ஒயர் போட்டேன், எத்தனை தடவை மடங்கினாலும் விறைக்காது. 3 வாட் பல்பு மட்டும் பிரிட்டனிலிருந்து வந்தது.

இந்தச் செப்டம்பர் சந்தைக்கு அக்கா மகளிடம் கொடுத்திருக்கும் தாளில் இரண்டே வரி. வலதுபக்கக் கைகாட்டியின் ஆரஞ்சு மூடி, விரிசல் இல்லாமல் ஒன்று. எம்.ஜி.க்கு 8 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் மரை, விட்வொர்த் தலை போல்ட், எத்தனை கிடைத்தாலும். இரண்டின் படமும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்து அனுப்பியாயிற்று.